கொழுப்பைக் குறைக்கும் மருந்து: யாருக்கு எவ்வளவு பயன்?

இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை இதய நோய் வருமுன்னரே உண்ண வேண்டுமா என்னும் வினாவுக்கு எல்லோர்க்கும் பொதுவான விடை இல்லை. 1994இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், ஏற்கெனவே இதய நோயுற்றிருந்த 4,444 பேர் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் கவனிக்கப்பட்டனர். மருந்து உண்டோரில் நூற்றுக்கு 8 பேரும், வெற்று மாத்திரை உண்டோரில் 12 பேரும் இறந்தனர். நோயுற்றோர்க்கு இதன் பயனில் ஐயமில்லை.

நோயற்றோர்க்கோ கணக்கு வேறு. கெட்ட கொழுப்பு டெசிலிட்டருக்கு 39 மில்லிகிராம் குறைந்தால் மாரடைப்பும் பக்கவாதமும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. நூற்றுக்கு 20 பேர் தாக்கப்படக்கூடிய கூட்டத்தில் இதனால் நால்வர் தப்புவர். 5 பேர் தாக்கப்படக்கூடிய கூட்டத்தில் ஒருவரே தப்புவார். ஆதலால் கொழுப்பின் அளவை மட்டும் நோக்காது, வயது, நீரிழிவு, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவற்றையும் சேர்த்து நமக்குரிய ஆபத்து எவ்வளவு என மருத்துவரிடம் கேட்டறிந்தே நாம் முடிவெடுத்தல் வேண்டும்.