மைனஸ் 18இல் ஓட்கா உறையுமா? தெரியுமா?

வீட்டு ஃப்ரீசரில் ஓட்கா பாட்டிலை ஒரு மாதம் வைத்தாலும் அது ஐஸ்கட்டி ஆகாது, தெரியுமா? ஃப்ரீசரின் குளிர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ்தான். 40 சதவீத ஆல்கஹால் கொண்ட ஓட்கா உறைய ஆரம்பிக்கவே சுமார் மைனஸ் 27 டிகிரி வேண்டும்! அதுவரை லேசாகக் கெட்டிப்பட்டு, ஊற்றினால் பாகு போல மெதுவாக இறங்கும்.

பீர் கதையே வேறு! அது மைனஸ் 2, 3 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். பாட்டிலுக்குள் இடம் ஏது? கண்ணாடி வெடித்துவிடும்!

சரி, பீரில் முதலில் உறைவது எது? தண்ணீர் மட்டும்தான்! ஆல்கஹால் உறையாமல் ஒதுங்கி நிற்கும். ஐஸை அள்ளி எறிந்தால் மிஞ்சுவது வீரியம் கூடிய மது. அடுப்பே பற்றவைக்கவில்லை, ஆனாலும் போதை ஏறிவிட்டது! ஜெர்மனியின் ‘ஐஸ்பாக்’ பீர் இப்படிப் பிறந்ததுதான். அமெரிக்காவில் குடியேறிய ஆரம்பகால விவசாயிகள் புளித்த ஆப்பிள் சாற்றைப் பனிக்காலத்தில் வெளியே வைத்துவிடுவார்கள். மேலே படியும் ஐஸை அவ்வப்போது எடுத்துப் போட, அடியில் ‘ஆப்பிள்ஜாக்’ தயார்! இதில் ஓர் ஆபத்தும் உண்டு. காய்ச்சி வடிக்கும்போது முதலில் வரும் நச்சு வடிப்பைக் கொட்டிவிடலாம். பனி அப்படிப் பிரித்துத் தராது, வேண்டாததும் சேர்ந்தே செறிவாகும்!

2010இல் ஸ்காட்லாந்தின் ப்ரூடாக் நிறுவனம் இதே உறையவைக்கும் வித்தையில் 55 சதவீத ஆல்கஹால் கொண்ட பீரை இறக்கியது. விஸ்கியையே மிஞ்சிய பீர்! மொத்தம் 12 பாட்டில்கள்தான். ஒவ்வொன்றையும் எதற்குள் வைத்து விற்றார்கள் தெரியுமா? பாடம் செய்யப்பட்ட அணில் போன்ற சிறு பிராணிகளின் உடலுக்குள்! பாட்டிலின் கழுத்து பிராணியின் வாய்வழியே நீட்டிக்கொண்டிருந்தது!

தண்ணீரே கலக்காத சுத்த ஆல்கஹால், அதாவது எத்தனால், எப்போது உறையும்? மைனஸ் 114 டிகிரியில்! பூமியின் தரையில் அளக்கப்பட்ட மிகக் கடுங்குளிர் அண்டார்டிகாவின் வோஸ்டாக் நிலையத்தில், 1983 ஜூலை 21 அன்று பதிவான மைனஸ் 89.2 டிகிரி. அந்தக் குளிரிலும் அது திரவமாகவே இருக்கும்! பாதரசம் மைனஸ் 39லேயே இறுகிவிடும். துருவங்களில் ஆல்கஹால் வெப்பமானிகள் ஏன் கைகொடுக்கின்றன என்று இப்போது புரிகிறதா?

திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரி குளிர் பட்டால் எத்தனாலும் தோற்றுவிடும். குழம்பாகத் திரண்டு, வெள்ளைக் கட்டியாகும். அந்தக் கட்டியைத் திரவ எத்தனாலில் போட்டால்? மூழ்கும்! மிதக்கும் ஐஸைப் பார்த்தே பழகிய நமக்கு இதுதான் அதிசயம். உண்மையில் விதிவிலக்கு தண்ணீர்தான், பெரும்பாலான திரவங்களின் கட்டி மூழ்கவே செய்யும். இன்னொன்று: நம் சாதாரண ஐஸ்கட்டியும் சுத்த ஆல்கஹாலில் மூழ்கிவிடும்!

பாதரசத்தைச் சுத்தியலால் அடித்துத் தட்டையாக்க முடியுமா? 1759 டிசம்பரில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அதைச் செய்தே காட்டினார்கள்! விஞ்ஞானி ஜோசப் ஆடம் பிரவுன் வெண்பனியில் நைட்ரிக் அமிலத்தைக் கலந்து குளிரை ஏற்ற, வெப்பமானிக்குள் இருந்த பாதரசம் அசையாமல் நின்றது. கண்ணாடிக் குமிழை உடைத்தால் உள்ளே பளபளவென்று உலோக உருண்டை! அறிஞர் லொமனோசவும் இந்தச் சோதனைகளில் இருந்தார். திரவமாக மட்டுமே மனிதன் பார்த்திருந்த பாதரசம் அசல் உலோகம்தான் என்று அன்று நிரூபணமானது!

உறைய மைனஸ் எதற்கு? மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் வெள்ளையாக இறுகி, தலைகீழாகக் கவிழ்த்தாலும் சொட்டு விழாதே! அதற்கு 24 டிகிரிக்குக் கீழே போனாலே போதும். காலியம் என்ற உலோகம் 29.8 டிகிரியில் உருகும். சென்னையின் மே மாத மதியத்தில் அது திரவம், மார்கழி இரவில் திடம்!

கடைசியாக, எவ்வளவு குளிர்ந்தாலும் உறையாத திரவம் உண்டா? உண்டு, ஹீலியம்! 1908இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் விஞ்ஞானி காமர்லிங் ஆன்னஸ் அதை முதன்முதலில் திரவமாக்கினார். கட்டியாக்க மட்டும் அவரால் முடியவில்லை. சாதாரணக் காற்றழுத்தத்தில், குளிரின் எல்லையான மைனஸ் 273.15 டிகிரியை நெருங்கினாலும் அது திரவம்தான்! 1926இல் அவருடைய ஆய்வகத்தில் கீசோம் என்ற விஞ்ஞானி அதை உறையவைத்தார். எப்படி? குளிரோடு, காற்றழுத்தத்தைப் போல சுமார் 25 மடங்கு அழுத்தத்தையும் சேர்த்துக் கொடுத்து!