கட்டடமும் காணியும்: கல்முனைக் கரையோரத்தில் பாடசாலை அமைக்கும் அறப்பணி

யுத்தத்தினாலோ கடற்கோளினாலோ அழிவுற்ற ஒரு பிரதேசத்தில் பாடசாலை கட்டிக்கொடுத்தல் ஐயத்துக்கிடமற்ற நற்செயலாகவே பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. கொடையாளரின் நல்லெண்ணத்தை ஐயுறுதல் எமது நோக்கமன்று. ஆயினும் எந்த நல்லெண்ணமும் ஒரு சமூகத்தினுள் நுழையும்போது அதன் காணியுறவுகளுக்கும் வர்க்க வேறுபாடுகளுக்கும் இன முரண்பாடுகளுக்கும் ஊடாகவே நுழைகின்றது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலாய அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களை ஆதாரமாகக் கொண்டு, இத்தகைய அறப்பணி எங்ஙனம் இயங்குகின்றது, எவ்விடத்தில் இடறுகின்றது என்பதை இங்கு நோக்குவோம்.

முதலில், இலங்கையில் ஓர் அறநிதியம் செய்யக்கூடியது யாது என்பதை வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் கைக்கு மாறின. அப்போது கல்வி அமைச்சராயிருந்த பதியுதீன் மஹ்மூதின் பெயரையே கல்முனை மகளிர் கல்லூரி இன்றும் தாங்கி நிற்கின்றது. ஆகவே ஒரு நிதியம் கட்டடத்தை எழுப்பலாம், தளபாடம் வழங்கலாம், ஆசிரியரை நியமித்தலும் சம்பளம் கொடுத்தலும் அரசின் பொறுப்பாகும். கட்டி முடித்தபின் திறப்பைக் கல்வித் திணைக்களத்திடம் கையளித்துவிட்டு நிதியம் வெளியேறுகின்றது. இவ்வேற்பாடு கொடையாளருக்கு வசதியானது. செலவுக்கு ஓர் எல்லை உண்டு. திறப்புவிழாவுக்கு ஒரு நாள் உண்டு. காட்டுவதற்கு ஒரு கட்டடமும் உண்டு.

இதற்கு முற்பட்ட மரபு ஒன்று கல்முனைக்கு உண்டு என்பது மனங்கொள்ளத்தக்கது. 1942இல், இரண்டாம் உலக யுத்த காலத்தில், உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டு ஏ. எம். ஏ. அஸீஸ் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். இலங்கைச் சிவில் சேவையில் இடம்பெற்ற முதல் முஸ்லிம் அவர். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தருடன் அவருக்கு ஏற்பட்ட நட்பும் இக்காலத்திற்குரியதே. அவ்வாண்டிலேயே அவர் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அதன் அனுபவமே 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக விரிந்தது. வசதியற்ற மாணவனுக்கு உதவிப்பணம் கொடுத்து அவனைக் கல்வியில் நிலைக்கச் செய்வதே அதன் வழி. சுவரைக் காட்டிலும் மாணவனை முதன்மைப்படுத்திய அணுகுமுறை அது. அதன் பயனை நடுத்தர வர்க்கமாக மேலெழுந்தோரே அதிகம் பெற்றனர் என்று கூறலாம், அக்கூற்று பிழையன்று. ஆனால் இப்பிரதேசத்தின் நவீன இலக்கியத்தை நோக்குவோர், நீலாவணன், மருதூர்க்கொத்தன், எம். ஏ. நுஃமான் ஆகியோர் ஆசிரியத் தொழில் புரிந்தவர்கள் என்பதைக் காணத் தவறமாட்டார்கள். நிலவுடைமையாளரான போடியாரைச் சாராது எழுதக்கூடிய ஒரு பிரிவினர் உருவாவதற்கு அரச சம்பளமும் இலவசக் கல்வியுமே வழிசெய்தன.

இனிக் காணிக்கு வருவோம். கல்முனைப் பகுதியில் ஒரு நிதியத்தின் முதற் பிரச்சினை பணமன்று, இடமே. கிழக்கே கடல், மேற்கே வயல், இடையிலுள்ள ஒடுங்கிய மணற்பரப்பில் ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. தாய்வழிக் குடிமரபு நிலவும் இச்சமூகத்தில் வீடும் வளவும் பெண்ணுக்கே சீதனமாகச் செல்வன. ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு வேண்டுமாதலால் தாயின் வளவு தலைமுறைதோறும் துண்டுபடுகின்றது. பாடசாலைக்கென ஒருவர் கால் ஏக்கர் கொடுப்பாராயின், அது பெரும்பாலும் ஒரு மகளின் அல்லது பேத்தியின் வீட்டுக்குரிய நிலமாகவே இருக்கும். வெளியிலிருந்து வரும் கொடையாளரின் கணக்கேட்டில் இக்கொடை ‘உள்ளூர்ப் பங்களிப்பு’ என்று ஒரு வரியில் முடிந்துவிடுகின்றது. உண்மையில் முழுத் திட்டத்திலும் மிகப் பெரிய தியாகம் அதுவேயாகும். திறப்புவிழாச் சலவைக்கல்லில் முதலில் இடம்பெற வேண்டியதும் அப்பெண்ணின் பெயரே என்பது எமது கருத்து.

2004 டிசம்பர் 26ஆம் திகதிய கடற்கோள் இந்நெருக்கடியைப் பன்மடங்காக்கியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று ஞாயிற்றுக்கிழமையும் போயா தினமுமாதலால் வகுப்பறைகள் வெறுமையாக இருந்தன. பிள்ளைகள் இறந்தது வீடுகளிலும் கடற்கரையிலுமே. கடலை ஒட்டி வாழ்ந்தோர் பெரும்பாலும் மீனவரும் நாட்கூலிகளும் ஆவர். பிரதான வீதியை அண்டியே வணிகரும் உத்தியோகத்தரும் குடியிருந்தனர். எனவே அலைக்கு முதலில் இரையானோர் யாவர் என்பதை வர்க்கமும் தீர்மானித்தது. பின்னர் கிழக்குக் கரையில் 200 மீற்றர் வரை மீள்கட்டுமானம் தடைசெய்யப்பட்டது. அகலமே சில கிலோமீற்றர் கொண்ட ஊர்களுக்கு 200 மீற்றர் என்பது எத்தகைய இழப்பு என்பதைக் கொழும்பில் இருந்தோர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. தெற்கில் அத்தடை 100 மீற்றராகவே இருந்தது. தடை பின்னர் தளர்த்தப்பட்டதாயினும், நிதியங்கள் பணத்தோடு காத்திருந்த அம்மாதங்களில் காணியின் விலை ஏறியது. கொடையின் ஒரு பகுதி நிலம் வைத்திருந்தோருக்கே சென்று சேர்ந்தது.

யுத்தச் சூழல் இதனிலும் சிக்கலானது. 1985இல் காரைதீவுத் தமிழர் தாக்கப்பட்டனர்; 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். ஒரு மொழி பேசி, ஒரே வாய்க்கால் நீரில் வேளாண்மை செய்த இரு சமூகத்தாரும் அச்சத்தினால் எல்லை வகுத்துக்கொண்டனர். இத்தகைய இடத்தில் எந்த ஊருக்கு முதலில் பாடசாலை, எந்த ஊர் மேசன் ஒப்பந்தத்தைப் பெறுகின்றான், மணல் எவருடைய உழவு இயந்திரத்தில் வருகின்றது என்பன யாவும் இனக் கணக்காக வாசிக்கப்படும். நடுநிலை என்று கொடையாளர் கருதிக்கொள்வது ஊரவர் கண்ணில் ஒரு பக்கச்சார்பாகவே தோன்றும். உதவிப் பங்கீட்டுக்காக 2005 ஜூனில் அரசும் விடுதலைப் புலிகளும் செய்துகொண்ட உடன்படிக்கையில் முஸ்லிம்கள் கைச்சாத்திடும் தரப்பாக இடம்பெறவில்லை. மிகுதியாக இழந்த மாவட்டத்தில் மிகுதியாக இழந்த சமூகங்களுள் ஒன்றாக அவர்கள் இருந்தபோதிலும் நிலைமை இதுவே. அடுத்த மாதமே உயர்நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது.

அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலை இவ்விடர்ப்பாட்டின் உச்சம். சவூதி அரேபிய நிதியில் 500 வீடுகள், பாடசாலை, பள்ளிவாசல், வைத்தியசாலை என்பன அங்கு எழுப்பப்பட்டன. வீடுகளைத் தேசிய இன விகிதாசாரப்படி பகிர வேண்டுமென நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும், கடற்கோளில் வீடிழந்தோருக்கென எழுந்த அக்குடியிருப்பு பத்தாண்டுகளுக்கு மேலாக ஆளின்றிக் கிடந்தது. கூரையும் கரும்பலகையும் அமைத்தால் பாடசாலை ஆகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. குடிகள் இல்லாத இடத்தில் வகுப்பறைக்கு என்ன பொருள்?

நிர்வாகம் பற்றிய சில செய்திகள் எஞ்சியுள்ளன. உப்புக்காற்று இரும்புக் கம்பியை அரிக்கும். மூடுகனம் குறைந்த கொங்கிறீற்று சில ஆண்டுகளில் வெடிக்கும். ஒக்டோபர் தொடக்கம் சனவரி வரையான மாரியில் அத்திவாரம் வெட்டுதல் கடினம். நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்க வேண்டிய வெளிநாட்டு நிறுவனங்கள் அம்மாரியிலேயே வேலையைத் தொடங்குதலும் உண்டு. பராமரிப்புக்கு எவரும் நன்கொடை கொடுப்பதில்லை. அச்சுமை பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாக மருதமுனை நெசவாளியின் பணப்பையில் வந்து விழுகின்றது. ஆகையினால் கட்டடச் செலவோடு ஒரு நிலையான வருவாயையும் ஒதுக்குதல் வேண்டும். இதற்கு வக்ஃபு முறை இவ்வூர்களுக்குப் பழக்கமானதே. ஒரு கடையறையையோ வயலையோ பாடசாலைக்கென நிறுத்தி, மரைக்காயர்மார் மட்டுமன்றிப் பெற்றோரும் ஆசிரியரும் பெண்களும் இடம்பெறும் குழுவொன்று அதன் வருமானத்தைக் கையாளலாம்.

இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. வயலின் வருமானம் என்பது குத்தகைக்குச் செய்பவனின் உழைப்பிலிருந்து வருவது. அவனுடைய பிள்ளை அதே பாடசாலையில் க.பொ.த. சாதாரண தரம் வரையாவது படிக்கின்றதா என்பதையும் அக்குழு ஆண்டுக் கணக்கறிக்கையில் ஒரு வரியாக எழுதி வருதல் நன்று.