பொம்மையல்ல, பொறியியல்

ரிமோட்டில் ஓடும் மான்ஸ்டர் டிரக்கைப் பொம்மை என்று ஒதுக்குவது தவறு. ஜப்பானின் தமியா நிறுவனம் 1987-இல் வெளியிட்ட 'கிளாட் பஸ்டர்' வண்டியில் அச்சுக்கு ஒன்றாக இரண்டு மோட்டார்கள். நான்கு சக்கரங்களும் இழுக்கும், நான்கும் திரும்பும். அப்படியும் பந்தயக்காரர்கள் அதை அப்படியே ஓட்டவில்லை. சட்டகத்தை மாற்றினார்கள், எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பர்களைப் பொருத்தினார்கள். வலுவான மோட்டார் ஒன்றே போதாதா என்று கேட்கலாம். போதாது. சக்கரம் தரையை விட்டெழும்பிய நொடியில் மோட்டாரின் வலு வண்டியை முன்னே தள்ளாது. அந்தரத்தில் ஆக்சிலேட்டர் மூக்கைத் தூக்கும், பிரேக் மூக்கைத் தாழ்த்தும், அவ்வளவுதான். மேடுபள்ளத்தில் சக்கரத்தைத் தரையோடு பிடித்துவைப்பது சுருள்வில்லும், ஷாக்கில் ஊற்றும் சிலிக்கோன் எண்ணெயின் கெட்டித்தன்மையும். பிள்ளைகள் இத்தகைய வண்டியைக் கழற்றி மாட்ட உட்கார்ந்தால், தயவுசெய்து தடுக்காதீர்கள்.