மாமல்லபுரத்துக்குக் கூட்டம், கல்வராயன் மலைக்கு?

வடக்கனந்தல்: பக்கத்திலேயே கோமுகி அணை. மேலே ஏறினால் கல்வராயன் மலை, மேகம் அருவி, பெரியார் அருவி. இவ்வளவு இருந்தும் வெளிநாட்டுக்காரர் தலை இந்தப் பக்கம் தென்படுவது அபூர்வம்!

அவர்கள் போவது மாமல்லபுரம். 2021-22-ல் மட்டும் 1,44,984 வெளிநாட்டினர் அங்கே டிக்கெட் வாங்கினார்கள். தாஜ்மகாலுக்கே 38,922 பேர்தான்! (கொரோனா காலம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.) சென்னையில் விமானம் விட்டு இறங்கினால் ஒன்றரை மணி நேரத்தில் கடற்கரைக் கோயில். கள்ளக்குறிச்சி 200 கிலோமீட்டருக்கும் அப்பால்.

தூரம் மட்டுமா? பக்கத்து ஏற்காட்டைப் பாருங்கள். 1820-களிலேயே சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடி கொண்டுவந்தார். பின்னாலேயே துரைமார் பங்களா, ரோடு, பள்ளிக்கூடம். கல்வராயன் மலையோ 3 ஜாகீர்தார்கள் கையில் கிடந்தது. 1976-ல்தான் சர்க்கார் வசம் வந்தது. ரோடு, பஸ் எல்லாமே லேட்!

அழகில் ஒன்றும் குறைச்சல் இல்லை. வந்து தங்க நாலு நல்ல அறை, நம்பி ஏற ஒரு பஸ் இருந்தால் மலைக்காரர்களின் தேனுக்கும் கடுக்காய்க்கும் வாசலிலேயே காசு. இப்போது அதெல்லாம் மூட்டையாகக் கீழே இறங்குகிறது.