உங்களுக்குத் தெரியுமா? மலையடிவாரத்துப் பளியர்

• ராஜபாளையம் அருகே சோழபுரத்திலிருந்து மேற்கே தெரிகிற மலைத்தொடர், பளியர் என்னும் பழங்குடியினரின் பூர்விகம். ராஜபாளையம் அய்யனார் கோயில், ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு, வத்திராயிருப்புப் பக்கம் அத்திகோயில், தாணிப்பாறை என அடிவாரம் நெடுக அவர்களின் குடியிருப்புகள் இருக்கின்றன.

• 1960களில் பளியரோடு பழகி ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் பீட்டர் கார்டனர் பதிவு செய்தது இது: அவர்களில் யாரும் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. கணவன் மனைவியை அதட்டக் கூடாது. தகராறு முற்றினால் கைநீட்டுவதில்லை. ஒருவர் பேசாமல் எழுந்து வேறிடம் போய்விடுவார். சண்டை போடத் தெரியாதவர்கள் என்று ஊர்க்காரர்கள் இதை இளக்காரமாகப் பார்ப்பதுண்டு. சுயநிர்ணயம் என்று உலகம் மேடை போட்டுக் கேட்பதை இவர்கள் வீட்டுக்குள்ளேயே நடத்திவந்திருக்கிறார்கள்!

• பழங்குடிகள் பெருவாரியாக வாழும் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்புத் தரும் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் தமிழகத்தின் ஓர் ஊர்கூட இல்லை. ஆகவே அந்த அட்டவணைப் பகுதிகளின் கிராம சபைகளுக்கு அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டின் ‘பெசா’ சட்டமும் இங்கே செல்லாது.

• மிச்சமிருக்கும் பிடிமானம் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம்தான். 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அனுபவித்துவரும் காட்டு நிலத்துக்குப் பழங்குடியினர் 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். மனுவை முதலில் விசாரிப்பது கிராம சபை. தமிழகத்தில் 2008இல் உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவு உரிமைப் பத்திரம் வழங்குவதை முடக்கியது. உச்ச நீதிமன்றம் அதை விலக்கியது 2016இல். எட்டு வருஷம்!

• கிராம சபைக்கு என்ன பெரிய பலம் என்பவர்களுக்கு: ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று 2013இல் 12 கிராம சபைகள் வரிசையாகத் தீர்மானம் போட்டன. டோங்கிரியா கோந்த் மக்களின் அந்தத் தீர்ப்போடு சுரங்கத் திட்டம் நின்றுபோனது.

• 2007இல் ஐ.நா.வின் பூர்வகுடி உரிமைப் பிரகடனத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. கூடவே ஒரு விளக்கமும் சொன்னது: இந்தியர் எல்லோருமே பூர்வகுடிகள்தான். எல்லோரும் பூர்வகுடி என்றால் யாருக்கும் தனி உரிமை தர வேண்டியதில்லையே! சாமர்த்தியமான பதில்.

• 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் என்று பளியரின் மலைக்குப் புதுப் பெயர்கள் சேர்ந்தன. புலிக்காகக்கூட பழங்குடியினரைக் கட்டாயப்படுத்தி இறக்க முடியாது. அவர்கள் மனமொப்பித்தான் இடம்பெயர வேண்டும் என்கிறது வனவிலங்குச் சட்டம்.

• கொடியைப் பிடித்துப் பாறை விளிம்பில் இறங்கி, புகை போட்டுத் தேன் எடுப்பது பளியரின் தொழில். அந்தத் தேன், கிழங்கு, கடுக்காய் உள்ளிட்ட சிறு வன மகசூல் வன உரிமைச் சட்டப்படி அவர்களுக்கே சொந்தம். சேகரிக்கவும் விற்கவும் உரிமையுண்டு.