நடுவில் வந்த காதலன்

அமெரிக்க சிட்காம் எழுதுகிறவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. நாயகனும் நாயகியும் சேர்ந்துவிட்டால் கதை முடிந்தது. அடியோடு பிரிந்துவிட்டால் ஜனங்கள் சேனலை மாற்றிவிடுவார்கள். எனவே நடுவில் ஒருவரை இறக்குவார்கள். நாலைந்து எபிசோடு காதலித்துவிட்டு, கறிவேப்பிலையாக ஒதுக்கப்படுவதற்கென்றே எழுதப்படும் பாத்திரம்.

'ஃப்ரெண்ட்ஸ்' பார்த்தவர்களுக்கு எமிலியைத் தெரியும். 1998-ல் லண்டனில் நாயகன் ராஸுடன் கல்யாணம். உறுதிமொழி சொல்லும்போது ராஸின் வாயில் நாயகி ரேச்சலின் பெயர் வருகிறது. சிரித்தோம். பிறகு ரேச்சலைப் பார்க்கவே கூடாது என்று எமிலி நிபந்தனை போட்டதும், பொல்லாதவள் என்று பட்டம் கட்டினோம். எந்தப் பெண்தான் அதைக் கேட்க மாட்டாள்? பொல்லாதவள் ஆக்கினால்தானே அனுப்பிவைக்க வசதி!

'சைன்ஃபெல்ட்' இந்தப் பாசாங்குகூடச் செய்யவில்லை. நாயகன் ஜெர்ரியின் காதலி ஒருத்தி பட்டாணியை ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிடுகிறாள், வேண்டாம். இன்னொருத்திக்கு ஆம்பளைக் கை; அவளும் வேண்டாம். அவன் நண்பன் ஜார்ஜுக்கு நிச்சயித்த சூசன், மலிவான கல்யாணப் பத்திரிகை உறைகளை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டி, பசையின் நஞ்சில் செத்தே போகிறாள். நண்பர்கள் காபி குடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். இந்தக் கொடூரமான நேர்மை எனக்குப் பிடிக்கும்.

ஆனால், ஒதுக்க ஒதுக்க ஒட்டிக்கொண்ட ஒருவர் உண்டு. 'சியர்ஸ்' பாஸ்டன் நகரத்து பார் ஒன்றில் நடக்கிற தொடர். பார் முதலாளி சாம், பணிப்பெண் டயான். 1984-ல், மூன்றாம் சீசனில், டயானின் புதுக் காதலனாக மனநல மருத்துவர் ஃப்ரேசியர் கிரேன் வருகிறார். குடியில் மறுபடி விழுந்துவிட்ட பழைய காதலன் சாமுக்கு உதவத்தான் டயான் அவரை அங்கே கூட்டிவருகிறாள் என்பது வேடிக்கை. இத்தாலியில் கல்யாணத்தின்போது அவரைக் கைவிடுகிறாள். வழக்கப்படி ஆள் அத்தோடு காணாமல் போயிருக்க வேண்டும். இவரோ அதே பாருக்கு வந்து உட்கார்ந்து, அவள் சாமோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டே பீர் குடித்தார். படிப்பும் பகட்டும் உள்ளவன் அவமானப்பட்டு நின்றால் எழுதுகிறவனுக்குக் கொண்டாட்டம். ஃப்ரேசியராக வந்த கெல்சி கிராமரின் நடிப்பும் கைகொடுத்தது.

டயானாக நடித்த ஷெல்லி லாங் 1987-ல் விலகினார். ஃப்ரேசியர் இருந்தார். 1993-ல் அவர் பெயரிலேயே தனித் தொடர் வந்தது. 11 சீசன்கள், 37 எம்மி விருதுகள்.

'சியர்ஸ்' பார்க்கும் எண்ணமிருந்தால் முதல் இரண்டு சீசன்களைத் தாண்டிவிடாதீர்கள். சாம்–டயான் சண்டை தெரிந்தால்தான் ஃப்ரேசியர் எதில் வந்து மாட்டினார் என்பது புரியும்.