உப்புக் காற்றில் ஒரு வீடு: இதெல்லாம் தெரியுமா?

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தில் வீடு கட்டி முடித்த நாளிலிருந்தே காற்று அதைத் தின்னத் தொடங்கிவிடும், தெரியுமா? ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம். காற்றோடு வரும் உப்பு கான்கிரீட்டின் நுண்துளைகளில் புகுந்து கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. அந்தத் துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும்! இடம் கிடைக்காதபோது கான்கிரீட்டையே பிளந்துகொண்டு வெளியே வரும். மேல்தளம் பெயர்ந்து விழுந்தால் மழையைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். உள்ளே வீங்கிய கம்பி யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

இதற்கு மருந்து என்ன தெரியுமா? வெறும் 45 மில்லிமீட்டர்! கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே கடலோரக் கட்டடங்களில் அவ்வளவு கான்கிரீட் இருக்கவேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. வெயில் மழை படாத இடத்துக்கு 20 போதும். அந்த 20-ஐயே உப்பளத்து வீட்டுக்கும் வைத்தால், சிக்கனம் என்று நினைத்தது சில ஆண்டுகளிலேயே செலவாகிவிடும்.

கம்பியே இல்லாமல் கூரை போட முடியும் என்பது தெரியுமா? இதே விழுப்புரம் மாவட்டத்தின் ஆரோவில்லில் செய்து காட்டியிருக்கிறார்கள்! மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, சூளையில் சுடாமலே கல் செய்கிறார்கள். அந்தக் கல்லால் வளைவும் குவிமாடமுமாக எழுந்த ஆரோவில் பார்வையாளர் மையம், 1992-ல் ஹசன் ஃபாத்தி பெயரிலான 'ஏழைகளுக்கான கட்டடக்கலை' விருதைப் பெற்றது. உப்பேறிய அளத்து மண் இதற்கு ஆகாது, மேட்டுநிலத்துச் செம்மண்தான் வேண்டும். ஆனாலும் விறகில்லாமல், துருவில்லாமல் ஒரு சுவர்! இத்தனை அருகில் இருக்கும் வித்தை குப்பங்களுக்குள் இன்னும் பரவலாக வரவேண்டும் என்பது என் ஆசை.

அந்தக் குப்பங்களுக்குச் சுனாமிக்குப் பிறகு கிடைத்த வீட்டுப் பட்டாக்களில் யார் பெயர் இருக்கவேண்டும் என்று அரசு சொன்னது தெரியுமா? மனைவி, கணவன் இருவர் பெயரும்! 2005 மார்ச் 30 தேதியிட்ட அரசாணை 172 அப்படித்தான் சொன்னது. கிராமத்தில் 3 சென்ட் நிலம், 300 முதல் 325 சதுர அடி, ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பில் வீடு.

சரி, 300 சதுர அடிக்குள் ஒரு குடும்பம் எப்படி வாழ்வது? இங்கேதான் எனக்குப் பெரிய வியப்பு காத்திருக்கிறது. வீடு சிறியதாக இருக்கலாம், வீட்டைச் சுற்றியுள்ளவை பொதுவாக இருந்தால்!

அரசின் சமத்துவபுரக் குடியிருப்புகளையே பாருங்கள். முதலாவது 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. ஓர் ஊருக்கு 100 வீடுகள்: ஆதிதிராவிடர் 40, பிற்படுத்தப்பட்டோர் 25, மிகப் பிற்படுத்தப்பட்டோர் 25, ஏனையோர் 10. தெருவுக்கொரு சாதி கிடையாது, எல்லோரும் கலந்தே குடியிருக்கவேண்டும். ரேஷன் கடை, நூலகம், விளையாட்டுத் திடல், சமுதாயக்கூடம் எல்லாம் பொது. சுடுகாடும் ஒன்றே! சாவுக்குப் பிறகும் பிரித்துவைக்கும் நாட்டில், ஒரு குடியிருப்புத் திட்டத்தின் வரைபடத்திலேயே ஒற்றைச் சுடுகாட்டை எழுதிவைத்தார்களே, அதைவிடத் துணிச்சலான கட்டுமானம் எது? மரக்காணத்துக்கு அண்டையிலுள்ள வானூர் ஒன்றியத்திலும் ஒன்று இருக்கிறது தெரியுமா? கொழுவாரியில், 2022 ஏப்ரல் 5-ல் முதல்வர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தது.

பொதுக் கட்டடம் உயிரையும் காக்கும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது, இதே மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை! கடலோரத்தில் பல்நோக்குப் பேரிடர் மையங்கள் கட்டிவைத்திருப்பது இப்படிப்பட்ட இரவுகளுக்காகத்தான்.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலையே இருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாத்திகளில் மழைநீர்தான் நிற்கும். அதை ஈடுகட்ட உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டம் 2022-ல் வந்தது. அப்படிப்பட்ட வருமானத்தில் வீடு கட்டும் கனவு காண முடியுமா? 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் அந்தக் கேள்விக்கு ஒரு பதில்: 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய், 2030-க்குள் 8 லட்சம் வீடுகள். அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். அப்படியானால் மரக்காணத்துப் பயனாளிகளே, தளம் போடும் நாளில் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் எத்தனை மில்லிமீட்டர் என்று கொத்தனாரிடம் கேளுங்கள். அளந்தும் பார்த்துவிடுங்கள்!